மூலிகைக் குளிர்தேநீர்

வேனிற்காலத்தில் நம் நாட்டார் விரும்பி அருந்தும் பானங்கள் பலவாம். நீர்மோர், பானகம், இளநீர், பதநீர், நன்னாரி சர்பத்து என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவ்வரிசையில் தேநீருக்கு இதுகாறும் இடம் கிடைத்திலது. தேநீர் என்ற சொல்லைக் கேட்டவுடனே, பாலும் சர்க்கரையும் கலந்து, ஆவி பறக்க, இரண்டு பாத்திரங்களுக்கிடையே நீள இழுத்து ஆற்றிய ஒன்றே நம்மனோர் நினைவிற்கு வருகின்றது. பாலின்றித் தேயிலையை ஊறவைத்து, நறுமணத் தழைகளின் சாரம் சேர்த்து, பனிக்கட்டியிட்டு அருந்தலாம் என்று சொன்னால் முகஞ்சுளிப்பாரே மிகுதி. அங்ஙனம் சுளிப்பதற்கு அவர்கள்பால் காரணமும் உண்டு. அவர்கள் அருந்திப் பார்த்தது, காலையில் மிஞ்சிய தேநீரைக் குளிர்பெட்டியில் வைத்து மாலையில் எடுத்த கலங்கல் நீராக இருந்திருக்கும். அன்றேல் புட்டியில் அடைத்து விற்கப்படும் சர்க்கரைக் கரைசலாக இருந்திருக்கும். இவ்விரண்டையும் கொண்டு குளிர்தேநீரை மதிப்பிடுதல் முறையாகாது.

நல்ல குளிர்தேநீரை வீட்டிலேயே, ஏன், மாணவர் விடுதியிலுங்கூட, மிகச் சிறு செலவில் செய்துகொள்ளலாம். அதற்குச் சமையற்கலையில் தேர்ச்சி வேண்டுவதில்லை. ஒரு செய்தியை மனத்திற்கொண்டால் போதும். தேயிலை, தழை, வேர், சர்க்கரை, எலுமிச்சஞ்சாறு, பனிக்கட்டி ஆகிய ஒவ்வொன்றும் நீரோடு கலக்கும் இயல்பு வெவ்வேறு. அதற்கு வேண்டிய சூடும் நேரமும் வெவ்வேறு. இவை யாவற்றையும் ஒரே பாத்திரத்திலிட்டு ஒருங்கே கொதிக்கவைத்துவிட்டுப் பின்னர்க் குளிரவைப்பதே பெரும்பாலோர் செய்வது. அதனால் விளைவது கசப்பும் துவர்ப்பும் மிக்க ஒரு கஷாயம். தனித்தனியே செய்து இறுதியிற் கலப்பதே இக்கட்டுரையில் விளக்கப் புகுந்த முறை.

முறையைச் சொல்லுமுன், பனிக்கட்டியைப்பற்றிச் சிறிது கூறுதல் தகும். இன்று நாம் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளும் இப்பொருள், ஒருகாலத்தில் கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்தது. அமெரிக்க நாட்டிலே பாஸ்டன் நகரத்து வணிகராகிய பிரெடெரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளினின்று பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளிற் பொதிந்து, வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் வாணிகத்தை நடத்தினார். 1833-ஆம் ஆண்டில் அவர் அனுப்பிய ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு திங்கள் கடலிற் சென்று, கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 டன் உருகாது எஞ்சியிருந்ததாம். சென்னைக்கு வந்த கட்டிகளைச் சேமித்துவைக்க 1842-ஆம் ஆண்டளவில் கடற்கரையில் எழுப்பப்பட்ட கட்டிடத்தை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே இன்றும் மக்கள் வழங்குகின்றனர். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்தமையால் அது இப்பொழுது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்று விளங்குகின்றது. இயந்திரத்தாற் பனிக்கட்டி செய்யும் தொழில் இந்நாட்டில் வந்த பின்னர் அக்கடல் வாணிகம் மறைந்தது.

குளிர்தேநீர் பரவியதிலும் நம் நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இந்தியத் தேயிலையைப் பரப்பும் பொருட்டு ரிச்சர்டு பிளெச்சிண்டன் என்பவர் ஒரு கூடம் அமைத்திருந்தார். கோடை வெப்பத்தில் சூடான தேநீரை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. ஆகவே அவர் அதனைப் பனிக்கட்டியாற் குளிர்வித்து வழங்க, மக்கள் திரண்டனர் என்பது பலரும் சொல்லும் வரலாறு. குளிர்தேநீரைக் கண்டுபிடித்தவரே அவர் என்று சிலர் எழுதுவது மிகை. வர்ஜீனியா மாகாணத்து இல்லத்தரசியரின் சமையற் குறிப்புக்களை மேரியன் கேபெல் டைரீ என்னும் அம்மையார் தொகுத்து 1879-இல் வெளிவந்த நூலிலேயே அதன் செய்ம்முறை காணப்படுகின்றது. ஆயினும் இந்தியக் கறுப்புத் தேயிலையைக் குளிர்ந்த நிலையில் அமெரிக்கர்க்குப் பழக்கிய பெருமையில் பிளெச்சிண்டனுக்குப் பங்கு இல்லையென்று சொல்லிவிட முடியாது. நம் தேயிலை அயலார்க்குக் குளிர்ந்த பானமாயிற்று. நமக்கோ அது இன்னும் சூடான பானமாகவே நிற்கின்றது.

இனித் தேயிலைக்கு வருவோம். நம் வீடுகளிற் பெரும்பாலும் வழங்குவது உருட்டிய சிறு மணிகளாகவோ தூளாகவோ உள்ள தேயிலை. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தாற் செய்யப்படும் இவ்வகை, 1930-ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமில் தோன்றியது. விரைவிற் சாரம் இறங்கி, அடர்ந்த நிறமும் துவர்ப்பும் தருதலின் பாலோடு சேர்வதற்கு இஃது ஏற்றது. பால் சேராத குளிர்தேநீருக்கோ இது முரட்டுத்தனமாக இருக்கும். முழு இலையாகவோ பெரிய துணுக்குகளாகவோ விற்கப்படும் வகையை வாங்குதல் நலம். நம் அண்மையிலேயே விளையும் நீலகிரித் தேயிலை, மணமும் மென்மையும் உடையதாய், குளிர்ந்தபோதும் எளிதிற் கலங்காது தெளிந்து நிற்பதாகலின், குளிர்தேநீருக்கென்றே அயல்நாட்டு வணிகராலும் விரும்பி வாங்கப்படுகின்றது. உதகைக்கும் குன்னூருக்கும் சென்று வருவோர் வழக்கமாக வாங்கிவரும் தைல புட்டியோடு ஒரு பொட்டலம் இலைத்தேயிலையும் வாங்கி வரலாம்.

கலங்குதல் என்று சொன்னோமே, அதன் காரணத்தை அறிந்துகொள்வது பயன்தரும். தேயிலையில் காபீன் என்னும் பொருளும், துவர்ப்பும் நிறமும் தரும் பாலிபீனால் வகைப் பொருள்களும் உள்ளன. நீர் சூடாக இருக்குமளவும் இவை தனித்தனியே கரைந்து நிற்கும். சூடு தணியத் தணிய ஒன்றோடொன்று பிணைந்து, நீரிற் கரையாத நுண்ணிய துகள்களாகின்றன. அத்துகள்களே தெளிந்த தேநீரைச் சேற்றுநீர் போற் காட்டுவன. தேநீரைச் சுவைத்து விலை மதிப்பிடுவோர் இதனைக் குறையாகக் கொள்வதில்லை. சாரம் மிக்க தேயிலையே மிகக் கலங்குமாதலால் அதனை வலிமையின் அடையாளமாகவே கொள்வர். எனினும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி விருந்தினர்க்குக் கொடுக்கும்போது கலங்கல் அழகன்று. கலங்கியதிற் சிறிது கொதிநீர் வார்த்தால் உடனே தெளியும். மீண்டும் குளிர்ந்தால் மீண்டும் கலங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேயிலையை ஊறவைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தண்ணீரிலேயே ஊறவைப்பது. மற்றொன்று கொதிநீரில் வடித்துக் குளிர்விப்பது.

தண்ணீரில் ஊறவைக்கும் முறைக்கு வேண்டுவது பொறுமை ஒன்றே. காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டருக்குப் பத்து அல்லது பன்னிரண்டு கிராம் இலைத்தேயிலை, அதாவது தேக்கரண்டியால் ஐந்தாறு, போதும். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்திலிட்டுக் குளிர்பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டினால், பொன்னிறமாகத் தெளிந்த நீர் கிடைக்கும். இரவு படுக்கப்போகுமுன் வைத்தால் காலையில் எடுக்கலாம். தண்ணீரில் காபீனும் துவர்ப்புப் பொருள்களும் குறைவாகவே இறங்குகின்றன. ஆதலால் கசப்பு மிகக் குறைவு, கலங்கலும் இல்லையென்றே சொல்லலாம். சர்க்கரை சேராமலே அருந்தக்கூடிய இனிமை இதற்கு உண்டு.  எனக்கு இம்முறையே சிறந்ததாகத் தோன்றுகின்றது.

உடனே வேண்டுமென்பார்க்குக் கொதிநீர் முறை உண்டு. அரை லிட்டர் நீரை நன்கு கொதிக்கவைத்து இறக்கி, பன்னிரண்டு கிராம் தேயிலையை இட்டு மூடி, நான்கு நிமிஷம் கழித்து வடிகட்டுக. இலையைப் பிழிதலும், அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சுதலும் கூடா. நான்கு நிமிஷத்துக்குமேல் விட்டால் நிறம் சிறிதே ஏறும். துவர்ப்போ பெரிதும் ஏறும். பச்சைத் தேயிலையாயின் கொதிநீரே ஆகாது. கொதித்து இறக்கிச் சில நிமிஷம் ஆறி, ஏறத்தாழ 80 டிகிரிக்குத் தணிந்த நீரில் இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

இங்கே பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு 80 கலோரி உஷ்ணத்தை உட்கொள்கின்றது. அந்நீர் 10 டிகிரிவரை சூடேற மேலும் 10 கலோரி வேண்டும். ஆக, ஒரு கிராம் பனிக்கட்டி 90 கலோரியை ஏற்கும். வடித்த தேநீர் அரை லிட்டர், 90 டிகிரிச் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். அதனைப் பத்து டிகிரிக்குக் கொண்டுவர 40,000 கலோரியை நீக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 444 கிராம் பனிக்கட்டி உருகியாக வேண்டும். அதே தேநீரை முதலில் அறையிலேயே 30 டிகிரிவரை ஆறவிட்டுப் பின்னர்ப் பனிக்கட்டியிட்டால், நீக்கவேண்டிய உஷ்ணம் 10,000 கலோரியே. 111 கிராம் போதுமானது. அவசரப்பட்டுச் சூடான தேநீரிற் பனிக்கட்டியைக் கொட்டுவோர் நான்கு மடங்கு பனிக்கட்டியை வீணாக்குவதோடு, பானத்தையும் ஏறக்குறைய இருமடங்கு நீர்க்கச் செய்கின்றனர். அங்ஙனம் செய்தே தீரவேண்டுமாயின் தேயிலையை அதற்குத் தக்கபடி மிகுதியாக இட்டு வடிக்க வேண்டும். மேலே அரை லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம் என்றது இதனைக் கருதியே. ஆறவிட்டுச் செய்வோர் வடித்த சாற்றோடு ஒன்றரைக் குவளை குளிர்ந்த நீரும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து மூலிகைகள். நம் முன்னோர் மருந்துச் சரக்குகளைக் கொதிக்கவைத்து வடித்ததைக் கஷாயம் என்றும், நீரிற் கிடந்து ஊறவிட்டு எடுத்ததை ஊறல் என்றும் வேறு பிரித்து வழங்கினர். (பின்னது நல்ல சொல், இன்றோ சாராய வழக்குகளைப் பற்றிய செய்திகளில் அல்லாமல் வேறெங்கும் அதனைக் காண்பது அரிதாயிற்று.) எந்தச் சரக்கை எவ்வழியிற் கையாள வேண்டும் என்பது அதன் மணம் எங்கே தங்கியுள்ளது என்பதைப் பொறுத்தது. மெல்லிய தழைகளில் மணத்தைலம் இலையின் மேற்புறத்தே நுண்ணிய பைகளில் இருக்கும். சிறிது கசக்கினாலே வெளிப்படும். கொதிக்கவைத்தால் ஆவியோடு பறந்துவிடும். தண்டு, வேர், கிழங்கு ஆகியவற்றில் அஃது உள்ளே பதுங்கியிருக்கும். நசுக்குதலும் சூடும் நீண்ட நேரமும் அவற்றுக்கு வேண்டும்.

புதினாவை எடுத்துக்கொள்வோம். அடுப்பருகே அதனைக் கொண்டுசெல்லவே கூடாது என்பேன். ஒரு லிட்டர் பானத்துக்கு இருபது இலை போதும். காம்பு நீக்கி, உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டி, தேயிலை ஊறும் தண்ணீரிலேயே இட்டுவிடலாம். இரவு முழுதும் கிடந்தால் தழை வாடை மிகுமாதலால், அருந்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் இடுதல் இன்னும் நன்று. புதினா குளிர்ச்சி தருவது எப்படி என்பதில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சிலவகைப் புதினாவில் உள்ள மெந்தால் என்னும் பொருள் உடலின் வெப்பத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. குளிர்ச்சியை உணர்வதற்கென்று நம் நரம்பு நுனிகளில் அமைந்துள்ள வாயிலை அது திறந்துவிடுகின்றது. மூளையோ குளிர்ந்ததென்று நம்பிவிடுகின்றது. இவ்வாயிலை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் 2002-இல் மெந்தாலைக் கொண்டே தனித்தனியே கண்டறிந்தனர். சூட்டையும் தொடுதலையும் உடல் உணரும் வகையை ஆராய்ந்தமைக்காக 2021-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. நம் சந்தைக்கு வரும் புதினாவிற் பெரும்பாலும் மிகுந்திருப்பது கார்வோன் என்னும் வேறு மணப்பொருள். அது வாயைக் குளிர்விக்கும் ஆற்றல் குறைந்தது. மணத்தில் எவ்வாற்றானும் குறைந்ததன்று.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் ஓரினத்தவை. துளசியிற் கிராம்பின் காரமணம் உண்டு. கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருளே துளசியிலும் இருப்பது அதற்குக் காரணம். பத்துப் பன்னிரண்டு இலைகளின்மேல் கால் லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷத்தில் வடித்து ஆறவிட்டுத் தேநீரோடு சேர்க்கலாம். மூடாவிட்டால் அறை மணக்கும், பானம் மணக்காது. திருநீற்றுப்பச்சிலையின் விதையே சப்ஜா விதை என்று கடைகளில் விற்கப்படுவது. ஒரு தேக்கரண்டி விதையை நீரிலிட்டால் கால்மணி நேரத்திற் பருத்து வழவழப்பாகும்; விரும்புவோர் குவளைதோறும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

எலுமிச்சைப்புல் தண்டு முரடானது. அடித்தண்டு இரண்டை அம்மியில் நசுக்கி, கால் லிட்டர் நீரில் மெல்லிய தீயிற் பத்து நிமிஷம் காய்ச்சினால் எலுமிச்சைப் பழத்தோலின் மணம் புளிப்பின்றிக் கிடைக்கும். இஞ்சிக்கும் இதுவே முறை. விரலளவுத் துண்டு ஒன்று ஒரு லிட்டருக்குப் போதும். சுக்கு இன்னும் காரமாக இருக்கும். இஞ்சி உலரும்போது அதன் காரப்பொருளில் ஒரு பகுதி மாறி, அதனினும் உறைப்பான வேறொரு பொருளாகிவிடுதலே இதற்குக் காரணம். ஆதலால் குளிர்பானத்துக்குப் பச்சை இஞ்சியே ஏற்றது.

வேர்களில் நமக்கென்றே அமைந்தவை இரண்டு. வெட்டிவேரைச் சிறு முடிச்சாகக் கட்டிக் குடிநீர்ப் பானையில் இடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. அந்நீரைக்கொண்டே தேயிலையை ஊறவைத்துப் பார்க்க; மழை பெய்த நிலத்தின் வாசனையை நினைவூட்டும் ஒரு மணம் தேநீரில் ஏறும். நன்னாரியின் மணம் இதனினும் இனிது. அவ்வேரின் மணப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் அமைந்தவை; அவை பிணைந்துள்ள இடங்கள் மட்டுமே வேறு. இரசாயன மாணவர் இத்தகையவற்றை ஐசோமர் என்பர். வேரைக் கழுவி, நசுக்கி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, பட்டையை மட்டும் சூடான நீரில் இரவெல்லாம் ஊறவிட்டால் சாரம் இறங்கும். கொதிக்கவைத்தால் மணம் போய்விடும். வீட்டில் நன்னாரிப் பாகு இருக்குமாயின், சர்க்கரைக்கு மாற்றாக அதனையே தேநீரிற் சேர்க்கலாம். தேயிலையின் துவர்ப்புக்கு அதனினும் பொருத்தமான இணை வேறில்லை.

சங்குப்பூவை மணத்துக்காக அன்றி நிறத்துக்காக இடுவர். அதன் நீலச்சாற்றில் எலுமிச்சஞ்சாறு பட்டவுடன் ஊதாவாக மாறுவது, லிட்மஸ் தாளைக் கண்டு சலித்த மாணவர்க்கும் மகிழ்ச்சி தரும். கற்பூரவல்லியைச் சிலர் சேர்ப்பதுண்டு. ஓமத்தின் வாடையுடைய அதன் இடம் சளிக்கான கஷாயமேயன்றிக் குளிர்தேநீர் அன்று என்பது என் கருத்து. ஒரு பானத்தில் ஒரு மூலிகை, மிஞ்சினால் இரண்டு, போதும். ஐந்தாறைக் கலப்போர் எதன் மணத்தையும் பெறுவதில்லை. தழைகளை வீட்டுத் தோட்டத்திலிருந்தோ சமையலுக்கென விற்கும் இடத்திலிருந்தோ எடுக்க வேண்டும். அழகுக்காக வளர்த்து விற்கப்படும் செடிகளில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் மணத்துக்காகச் சேர்க்கிறோமேயன்றி நோய் தீர்ப்பதற்காக அன்று என்பதையும் நினைவிற் கொள்க. தொடர்ந்து மருந்து உண்பவரும் கருவுற்ற மகளிரும் வைத்தியரைக் கேட்டே மூலிகைகளைக் கொள்ளுதல் வேண்டும்.

சர்க்கரையைக் குளிர்ந்த நீரில் நேரே இட்டால் கரையத் தாமதமாகி, அடியில் மணலெனப் படிந்து கிடக்கும். சர்க்கரையும் நீரும் சமமாக எடுத்து ஒரு கொதி வரும்வரை காய்ச்சிய பாகை ஒரு புட்டியில் வைத்துக்கொண்டால், வேண்டியவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். கடையில் விற்கும் வாயு கலந்த இனிப்புப் பானங்களிற் பல, நூறு மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை உடையன; முந்நூறு மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் முப்பது கிராம். வீட்டில் செய்த குளிர்தேநீருக்கு ஒரு தேக்கரண்டிப் பாகே பெரும்பாலார்க்கு மிகை. தன் கையால் அளந்து ஊற்றுவோன் இவ்வளவு ஊற்றமாட்டான் என்பதே இதிலுள்ள பெரும் பயன்.

எலுமிச்சஞ்சாற்றைக் கடைசியிலேயே சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் தேநீரின் செந்நிறம் வெளுத்துப் பொன்னிறமாவதைக் காணலாம். நிறப்பொருள்கள் புளிப்பில் ஒரு நிறமும், உவர்ப்பில் அடர்ந்த வேறொரு நிறமும் காட்டும் இயல்பின. இதனால் நம் நீரின் தன்மையையும் ஒருவாறு அறியலாம். ஆழ்துளைக் கிணற்று நீரால் வடித்த தேநீர் கறுத்துத் தோன்றி, மேலே மினுமினுக்கும் ஏடு ஒன்று படர்வதை எவரும் கண்டிருப்பர். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தே அதற்குக் காரணம். அத்தகைய நீரை முன்னரே கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்தினால் குறை பெரிதும் நீங்கும்.

நீரைப்பற்றிய பேச்சு வந்தமையால், இக்கட்டுரையில் யான் மிகவும் வற்புறுத்த விரும்புவதை ஈண்டுக் கூறுகின்றேன். சூடான தேநீர் தன்னைத்தானே காத்துக்கொள்வது. கொதித்த நீராதலால் கிருமிகள் அதில் இல்லை. குளிர்தேநீருக்கு அந்தக் காவல் இல்லை. ஊறவைக்கும் நீர், கழுவும் நீர், பனிக்கட்டியான நீர் ஆகிய யாவும் தூயனவாக இருந்தாலன்றி அது வயிற்றுப்போக்கையே தரும். உறைந்தால் கிருமிகள் இறந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. பலவகைக் கிருமிகள் பனிக்கட்டியில் உறங்கிக் கிடந்து, உருகியவுடன் மீண்டும் எழுகின்றன. மீனைப் பதப்படுத்துவதற்காகப் பாளம் பாளமாக வார்க்கப்படும் பனிக்கட்டி உண்பதற்குரியதன்று. அதனை உடைத்துப் பானத்திலிடும் கடைகளில் எதையும் அருந்தாதிருத்தலே அறிவுடைமை. காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலேயே உறையவைத்துக்கொள்ளலாம். அமெரிக்கரிற் சிலர் கண்ணாடிச் சாடியில் தேயிலையும் நீரும் இட்டு வெயிலில் வைத்து ஊறவிடுவர். நம் நாட்டு வெயிலுக்கு இது பொருத்தமென்று தோன்றும். ஆயினும் வெயிலில் வைத்த நீர் கொதிநிலைக்கு அருகிலும் செல்வதில்லை. கிருமிகளைக் கொல்லாத அச்சூடு அவற்றை வளர்ப்பதற்கே உதவும்.

குளிர்பெட்டி இல்லாதார் என் செய்வது? மட்பானை உண்டு. பானையின் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 580 கலோரி உஷ்ணத்தை எடுத்துச் செல்கின்றது. பத்து லிட்டர் நீரை ஐந்து டிகிரி குளிர்விக்க 86 கிராம் நீர் ஆவியானாற் போதும். மதுரை, திருச்சி போன்ற உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் இது நன்கு நடக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிற் காற்று ஈரம் மிக்கதாகலின் பானை அத்துணை குளிராது. பானை நீரிலேயே தேயிலையை இரவெல்லாம் ஊறவிடுவது தகாது. அவ்வளவு குளிர்ச்சி அங்கில்லை. காய்ச்சிய நீரைப் பானையிற் குளிரவைத்து, கொதிநீர் முறையில் வடித்து ஆறிய தேநீர்ச் சாற்றோடு அருந்தும் வேளையிற் கலந்துகொள்க. பனிக்கட்டியின்றியே அது பருகத் தக்கதாயிருக்கும். விடுதி மாணவர் நால்வர் சேர்ந்தால் ஒரு பானைக்கு ஆகும் செலவு பெரிதன்று.

எப்பொழுது அருந்துவது என்பதிலும் கவனம் வேண்டும். தேநீரின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அஃது உடலிற் சேராதபடி தடுக்கின்றன. சூடாயினும் குளிராயினும் இத்தன்மை ஒன்றே. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய மகளிரில் 15 முதல் 49 வயதுவரை உள்ளாரில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர். தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 53 பேர். காய்கறி உணவே உண்டு, உணவோடு தேநீரும் பருகும் மாணவியர்க்கு இஃது அற்பச் செய்தியன்று. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். பிற்பகல் மூன்று நான்கு மணி வேளை இதற்கு மிகப் பொருந்தும். உணவோடுதான் குளிர்ந்த ஒன்று வேண்டுமெனின், தேயிலை நீக்கி, எலுமிச்சைப்புல்லும் எலுமிச்சஞ்சாறும் சேர்ந்த நீரை அருந்துக. எலுமிச்சையின் புளிப்புச் சத்து இரும்பு சேர்வதற்குத் துணையே செய்யும்.

அளவும் ஒன்று உண்டு. நாளொன்றுக்குப் பதினாறு குவளை குளிர்தேநீர் குடித்துவந்த அமெரிக்கர் ஒருவர்க்குச் சிறுநீரகம் செயலற்றுப் போனதை மருத்துவர்கள் 2015-இல் எழுதியுள்ளனர். தேயிலையிலுள்ள ஆக்ஸலேட் என்னும் உப்பு அவர் சிறுநீரகத்திற் படிந்ததே காரணம் எனக் கண்டனர். இரண்டு மூன்று குவளை அருந்துவோர் இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. சிறுநீரகக் கல் உடையவர் மட்டும் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. கோடையில் தாகத்துக்கு முதலில் தண்ணீரையே குடிக்க வேண்டும். குளிர்தேநீர் அதன்மேல் வருவது. மாலைக்குமேல் அருந்தினால் உறக்கம் கெடும் இயல்பினர், நன்னாரி ஊறலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செய்த பானத்தைக் குளிர்பெட்டியில் மூடிவைத்து ஒரு நாளைக்குள் அருந்திவிட வேண்டும். அறைச் சூட்டில் வைத்ததாயின் நான்கைந்து மணி நேரத்துக்குமேல் வைத்திருத்தல் கூடாது. நுரைத்தாலும், நூல்போல் இழுபட்டாலும், புளித்த வாடை வீசினாலும் தயங்காது கொட்டிவிடுக. பாத்திரத்தை வெந்நீராற் கழுவி வெயிலில் உலர்த்திய பின்னரே அடுத்த நாளைக்கு எடுக்க வேண்டும். வடித்த இலைச்சக்கையை ரோஜாச் செடியின் அடியில் இடலாம். சர்க்கரை கலந்ததை மட்டும் இடாதீர்கள், எறும்பு வரும்.